ஒன்றேகால் பட்டை

நட்டு அசையவில்லை. நிலவழகன் ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைத்து மறுபடி பொருத்தி இழுத்துப் பார்த்தான். பாறைப் பள்ளத்தின் அடியில் காற்றே இல்லை. குவாரியில் அன்று வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வழக்கமாகக் காதை அடைக்கும் சத்தம் எதுவும் இல்லாததால், மேலே விளிம்பில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் கோபிநாத்தின் பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கீழே இறங்கி வந்தது. "ஆமா சார், ஆபரேட்டரோட கேர்லெஸ்தான் சார். லீக் எங்கன்னு கைய வச்சுத் தடவிப் பாத்திருக்கான். இல்ல சார், மெஷின்ல ஒண்ணுமில்ல." நிலவழகன் பொக்லைனின் செயின் மேல் ஏறி நின்று, உள்ளங்கையால் ஸ்பேனரின் வாலில் ஓங்கி அடித்தான். மூன்றாவது அடியில் நட்டு ஒரு கிரீச்சலோடு விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அளவாக இறுக்கிய நட்டு கழலும்போது அப்படிக் கத்தாது.

குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். அந்த இரும்புக் குழாயின் முனை ஊமத்தம்பூவின் வாய்போல வெளிப்புறமாக விரிந்திருக்கும். விரிந்த வாய் எதிரே இருக்கும் கூம்பின் மேல் போய் உட்கார, நட்டு அதைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடிக்கும். எண்ணெயைத் தடுப்பது நட்டின் மரை என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்த வாயும் கூம்பும் தொட்டுக்கொள்ளும் ஒரு மெல்லிய வளையம்தான் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. அந்த வளையம் இப்போது தாள்போல நசுங்கி மெலிந்து கிடந்தது. அதன் ஓரத்திலிருந்து உள்நோக்கி மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியது. நகத்தால் நெருடினான். நகம் மாட்டியது.

"என்னண்ணே, என்னவாம்?" கோபிநாத் மேலிருந்து கேட்டான்.

நிலவழகன் குழாயைத் துணியில் சுற்றினான்.

"குழாய் பழசு" என்றான்.

"அப்பச் சரி. மாத்தி விட்ருங்க. நாளைக்கி வேற ஆளு வாரான்."

புதுக் குழாயை மாட்டும்போது அவன் எதையும் விடாமல் செய்தான். கூம்பைத் துடைத்தான். வேறொரு சுத்தமான துணியால் மறுபடி துடைத்தான். குழாயின் வாயில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினான். குழாய் தன்போக்கில் போய்க் கூம்பில் உட்கார்கிறதா, எங்காவது இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்த்தான். நட்டை வெறும் விரலாலேயே போகும் வரைக்கும் திருகினான். பிறகு ஸ்பேனரால், இரும்பும் இரும்பும் தொட்டுவிட்டதைக் கை உணரும் வரை. அங்கிருந்து ஒன்றேகால் பட்டை. நட்டுக்கு ஆறு பட்டைகள். அந்த அளவுக் குழாய்க்கு ஒரு பட்டையும் அடுத்ததில் கால்வாசியும் திரும்பினால் போதும். அதற்குமேல் இழுக்கிற இழுப்பெல்லாம் மூட்டின் உயிரைத்தான் தின்னும். இருபது வருடமாக அவனுக்கு இது தெரியும். அன்னவாசல் சாலையில், மெஷின்களுக்கு எண்ணெய்க் குழாய் மாட்டும் ஹோஸ் கடை வைத்த நாளிலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். பத்து நாளைக்கு முன்பு இதே செயின் மேல் இதே இடத்தில் நின்றபோதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அன்றைக்கு ஒரு திங்கட்கிழமை மாலை. இதே மூட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடிந்தது. மெஷின் ஓட்டுகிற ஜெரோம்தான் கூப்பிட்டான். ஆவூர்க்காரன், பதினாலு வருடப் பழக்கம். செய்ய வேண்டியது என்னவென்று இருவருக்கும் தெரியும். மெஷினை நிறுத்தி, பாறை அள்ளும் வாளியைத் தரையில் இறக்கி, உள்ளே அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றி, மூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தால் துடைத்து மாட்டலாம். கூம்பில் கோடு விழுந்திருந்தாலோ வாய் கோணியிருந்தாலோ குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுக் குழாய் கையில் இல்லை. புதுக்கோட்டைக்குப் போய் அளவுக்கு வளைத்து வாங்கிவர மறுநாள் மதியம் ஆகிவிடும். மேலே ஒன்பது டிப்பர்கள் வரிசையாக நின்றன. கோபிநாத் வாட்சைப் பார்த்துக்கொண்டே இறங்கி வந்து, "அண்ணே, ஒங்களால முடியலைன்னா சொல்லிருங்க. கீரனூர்ல ஒரு ஆளு இருக்கான், வந்தான்னா அஞ்சு நிமிஷந்தான்னு சொல்றாங்க" என்றான்.

அவ்வளவுதான். அவன் திட்டவில்லை, மிரட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நிலவழகன் எதையும் கழற்றவில்லை. நட்டில் ஸ்பேனரைப் பொருத்தி, அதன் வாலில் இரண்டடி நீளப் பைப் ஒன்றைச் செருகி, ஒரு காலைப் பாறையில் உதைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் இழுத்தான். நட்டு ஒரு பட்டை போயிற்று. இன்னொரு பட்டையும் போயிற்று. இறுக்கம் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு கணம், கைக்குள் ஏதோ இளகியது. இழுப்பு கூடியது, ஆனால் இறுக்கம் கூடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரும்பு தன் பிடிவாதத்தைக் கைவிட்ட கணம் அது. கை அதை அறிந்துகொண்டது. ஆனால் கசிவு நின்றுவிட்டது. ஜெரோம் மூட்டைத் துடைத்துவிட்டு மெஷினை எடுத்து, வாளி நிறையப் பாறையைத் தூக்கிக் காட்டினான். ஒரு சொட்டு இல்லை. "ஒங் கை பட்டாலே நின்னுருதே மாப்ள, என்ன மந்திரம்யா வச்சிருக்க?" என்று கேபினிலிருந்து கத்தினான். நிலவழகன் சிரித்தான். வண்டியில் வீடு திரும்பும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. பின்னால் யோசிக்கும்போது, இழுத்த இழுப்பைவிட அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் ஜெரோம் போன் செய்தான். ஆயில் குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றான். நிலவழகன் கடையில் ஒரு டிராக்டர் ஹோஸுக்கு முனை அழுத்திக்கொண்டிருந்தான். "எங்கிட்டு வருதுன்னு பாத்து வையி மச்சான், சாயங்காலம் வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். சாயங்காலம் போகவில்லை. அடுத்த நாள் காலையில்தான், ஜெரோமைத் திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் ஜெரோம் உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டுத் தொங்கவிடப்பட்டிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு சட்டென்று சரிந்து முடிந்தது. உள்ளங்கையைக் கீறி, அழுத்தத்தில் ஊசிபோலப் பீறிட்டு உள்ளே புகுந்த எண்ணெயைக் கழுவி எடுத்ததாக ஜெரோமின் மனைவி மரிய செல்வி சொன்னாள். இன்னும் இரண்டு முறை கழுவ வேண்டியிருக்குமாம்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு மாப்ள" என்றான் ஜெரோம். "ரத்தங்கூட வரலை. ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி. சோப்புப் போட்டுக் கழுவிட்டு மத்தியானச் சோறே தின்னேன்னா பாத்துக்கயேன். பொழுது சாயத்தான் கை பூசணிக்கா மாதிரி வந்துருச்சு."

"சோறு தின்னாராம்" என்றாள் மரிய செல்வி. "பதினாலு வருஷமா இதத்தான் ஓட்டுறாரு. ஓடுற மெஷின்ல கைய வச்சுத் தடவிப் பாக்கலாமாண்ணே? பச்சப்புள்ளகூட அடுப்புல கைய வைக்காது. எம் மவ பிளெஸ்ஸிகிட்ட பள்ளிக்கூடத்துல, ஒங்கப்பா எதுக்குடி கைய வச்சாருன்னு கேக்குதுகளாம். அதுக்கு நான் என்னத்த சொல்லிக் குடுக்க?" அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் நடை தேயும் வரை ஜெரோம் காத்திருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நான் தடவிப் பாக்கலை மாப்ள. தடவுவனா? லோடு புடிச்சுக்கிட்டு மெஷின் ஓடுது, எங்கிட்டு அடிக்கிதுன்னு தெரியாது. குனிஞ்சு கீழ பாக்கணும், ஒரு பிடிமானம் வேணும்ல. மத்த மூட்டுல கைய வைக்கப் பயம். அது நீ டைட் பண்ண எடம். அங்க வராதுன்னு தெரியும். அதான் ஊனுனேன்."

வார்டுக்கு வெளியே வராந்தாவில் யாரோ கம்பிக் கட்டிலை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"யாருட்டயும் இதச் சொல்லலை" என்றான் ஜெரோம். "சொன்னா ஒம் பேரு கெடும். கோபிநாத் சொன்னான், குழாய் பழசாம்ல. அதுக்கு நீ என்ன செய்வ? தடவிப் பாத்தேன்னே இருந்துட்டுப் போவுது."

சொல்வதற்கான இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் வரப்போவதில்லை என்று நிலவழகனுக்கு அப்போதே தெரிந்தது. வாயைத் திறந்தான். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களில் ஒன்றை உரிக்கட்டுமா என்று கேட்டான்.

கழற்றிய குழாய் ஒரு வாரம் கடை மூலையில் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதன் விரிந்த வாய் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தபோது மற்ற துண்டுகளோடு அதையும் தூக்கி அந்த ஆளின் சாக்கில் போட்டான். ஆள் போன பிறகு, இனி அந்த வெடிப்பு தன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றியது. இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படியிருக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, மனைவி சத்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"இப்பப் போயிச் சொல்லிட்டா அவருக்கு வெரலு மொளைக்கப்போவுதா?" என்றாள். "ஒங்களுக்கு மனசு லேசாகும். அவருக்கு இருக்கிற ஒரு கூட்டாளியும் போயிருவாரு. யாருக்காகச் சொல்லப் போறீக?"

அந்தக் கேள்வியை ஒரு அனுமதிபோல எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வதும் அவனுக்குத் தெரிந்தது.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் மரிய செல்வி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. ஹோஸ் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டே பேசினாள்.

"வீட்டுக்குள்ளயே சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காருண்ணே. குவாரியில வேற ஆளப் போட்டுட்டாங்க. வெளியில போனா, கை வச்ச ஜெரோமுன்னு பேரு. கோயிலுக்கும் வாரதில்லை. கிறிஸ்துமஸ் வருது, அதுக்காச்சும் வாங்கன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நீங்க வெளி வேலைக்குப் போறப்ப ஒங்ககூட வண்டியில கூட்டிட்டுப் போங்கண்ணே. சும்மா கூட நிக்கட்டும். ஒங்களப் பத்திப் பேசுனா மட்டுந்தான் மொகம் தெளியிது."

மறுநாளே ஜெரோம் வந்தான். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி கடை வாசலில் நின்று, "மொதலாளி, வேலை இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தான். மதியம் இருவரும் கடைக்குள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். ஜெரோம் பழக்கத்தில் சிலுவை போட வலது கையைத் தூக்கினான். விரல் நுனி போய்த் தொட வேண்டிய இடத்தில் நெற்றிக்கும் கைக்கும் நடுவே ஒரு இடைவெளி நின்றது. கட்டைவிரலால் புருவத்தைச் சொறிவதுபோலச் செய்துவிட்டு, இடது கையால் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். நிலவழகன் பார்க்காதது போலச் சாப்பிட்டான். அன்றைக்குச் சோறு எந்த ருசியோடு இருந்தது என்று பிறகு யோசித்தபோது நினைவில்லை.

அதன் பிறகு தினமும் வண்டியின் பின்னால் ஜெரோம் இருந்தான். இலுப்பூர்ப் பக்கம், குடுமியான்மலைப் பக்கம், எங்கே மெஷின் நின்றாலும் இருவரும் போனார்கள். போகிற இடத்திலெல்லாம் ஆபரேட்டர்களுக்கு அவனைத் தெரிந்திருந்தது. "வாங்கண்ணே, லீக் எங்கன்னு தெரியலை, கொஞ்சம் கைய வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். ஜெரோம் அவர்களைவிட உரக்கச் சிரிப்பான். "இன்னும் எட்டு இருக்குடா, எது வேணும்?" என்று கேட்பான். பிறகு தன் கதையைச் சொல்வான். ஒவ்வொரு முறையும் அதே வரிசை. ஆயில் குறைந்தது, தடவிப் பார்த்தேன், எறும்பு கடித்த மாதிரி, மத்தியானம் சோறு தின்றேன். "காயித அட்டைய வச்சுப் பாருங்கடா, கைய வைக்காதீங்கடா. என்னைய மாதிரி முட்டாப்பயலா இருக்காதீங்க" என்று முடிப்பான். யாராவது, யார் பார்த்த மூட்டு என்று கேட்டால் மட்டும் குரல் மாறும். "குழாய் பழசுப்பா. பழைய குழாய்க்கு யாரு என்ன செய்ய முடியும்?" நிலவழகன் சொன்ன அந்த இரண்டு சொற்கள் ஊர் ஊராக, அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சொல்லும்போது ஜெரோம் அவன் பக்கம் திரும்பவே மாட்டான். அந்த மரியாதைதான் முதுகில் சூடாகப் பட்டது.

தை மாதக் கடைசியில், அன்னவாசலுக்கு மேற்கே வெள்ளைச்சாமி என்பவரின் வயலில் கதிர் அறுக்கும் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் குழாய் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. இவர்கள் போனபோது மணி நாலு. அந்த மாதத்தில் வரக்கூடாத மேகம் தெற்கே கறுத்துக் கிடந்தது. வயலில் பாதி அறுபட்டு, பாதி நின்றது. நின்ற பாதி காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. வெள்ளைச்சாமிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வானத்தைப் பார்ப்பதும் மெஷினைப் பார்ப்பதுமாக வரப்பில் நடந்துகொண்டே இருந்தார். "தம்பி, நனஞ்சா மொளைச்சிரும் தம்பி. வருசச் சோறு" என்று ஒரு தடவைதான் சொன்னார். பிறகு எதுவும் சொல்லவில்லை.

நிலவழகனும் ஜெரோமும் மெஷினின் முன்பக்கத்துக்கு அடியில், அறுத்த நெல்தாள்களின் மேல் எதிரெதிராகப் படுத்துக்கொண்டார்கள். முன்பக்கத்தைக் கட்டைகளில் இறக்கி வைத்தாயிற்று. அழுத்தத்தையும் வெளியேற்றியாயிற்று. இந்த மாதிரி மூட்டுக்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று மூட்டின் உடலை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. பிடிக்கிறவன் விட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். ஜெரோம் இடது கையால் பிடித்துக்கொண்டான். நிலவழகன் துடைத்து, எண்ணெய் வைத்து, விரலால் திருகி, ஸ்பேனரால் தொடும் வரை கொண்டுவந்தான். வெள்ளை மார்க்கரால் நட்டின் மேல் ஒரு கோடு போட்டான். அது போய் நிற்க வேண்டிய இடத்தில், மூட்டின் உடலில் இன்னொரு கோடு. இந்தக் கோடுகளை அவன் கடந்த சில மாதங்களாகத்தான் போடுகிறான். கையை நம்புவதை விட்டுவிட்டான்.

மெஷின் டிரைவர் ஆத்தூர்க்காரன். பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் ஜெரோமின் வலது கையைக் கவனித்துவிட்டு, "என்னாச்சுங்க?" என்று கேட்டான்.

ஜெரோம் படுத்தபடியே கதையைச் சொன்னான். ஆயில், தடவல், எறும்பு, சோறு. டிரைவர் உச்சுக்கொட்டினான். "யாராச்சும் கைய வச்சுப் பாப்பாங்களாங்க?" என்றான். ஜெரோம் சிரித்தான். "முட்டாப்பய பாப்பான். குழாயும் பழசுங்க. நம்ம நேரம்." வெள்ளைச்சாமி அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட, டிரைவர் எழுந்து, களத்தில் கொட்டியிருந்த நெல்லின் மேல் படுதாவை இழுக்கப் போனான்.

மெஷினுக்கு அடியில் இருட்டாக இருந்தது. தாளின் பச்சை வாடையும் சூடான எண்ணெய் வாடையும் கலந்து அடித்தன. இருவர் முகத்துக்கும் இடையே இரண்டு முழத் தூரம்கூட இல்லை.

"மச்சான்" என்றான் நிலவழகன். "குழாய் பழசு இல்ல."

ஜெரோம் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எது? இதா?"

"குவாரிக் குழாய். அன்னிக்கி நான் கழட்டிப் பாக்கலை. ஸ்பேனர்ல பைப்பச் சொருவி ரெண்டு கையாலயும் இழுத்தேன். போதும்னு கைக்குத் தெரிஞ்சதுக்கப்புறமும் இழுத்தேன். வாயி வெடிச்சுப் போச்சு. ஒன்னையக் குத்துனது அதான்."

ஜெரோமின் கையில் இருந்த ஸ்பேனர் அசையவில்லை. தூரத்தில் படுதா காற்றில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. டிரைவரும் வெள்ளைச்சாமியும் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சொல்லிவிட்டால் ஏதாவது ஒன்று உடனே நடக்கும் என்று நிலவழகன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். அடி விழும், அல்லது அழுகை வரும். எதுவும் வரவில்லை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"கழட்டுன அன்னிக்கே. வியாழக்கிழமை."

"நீ ஆஸ்பத்திரிக்கி வந்தது ஞாயித்துக்கிழமை."

"ஆமா."

"ஆரஞ்சு உரிச்ச."

நிலவழகன் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தான்.

"எம் மவளுக்கு அப்பன் முட்டாப்பய" என்றான் ஜெரோம். சத்தமே இல்லாமல், தனக்குள் சரிபார்த்துக்கொள்பவன்போலச் சொன்னான். "எம் பொண்டாட்டிக்கும் முட்டாப்பய. ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், ஒன் வண்டிக்குப் பின்னாடி ஒக்காந்துக்கிட்டு."

"தம்பி, ஆச்சா?" வரப்பிலிருந்து வெள்ளைச்சாமியின் குரல் வந்தது. "தூத்தல் விழுகுது தம்பி!"

மெஷினின் தகரத்தின் மேல் தனித்தனியாகச் சில துளிகள் விழுந்தன. ஜெரோம் கையை நீட்டினான்.

"அதக் குடு."

"மச்சான்..."

"ஒங் கையில இருக்கிறதக் குடு. நீ இதப் புடி. விட்றாத."

ஸ்பேனர்கள் கை மாறின. நிலவழகன் மூட்டின் உடலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். ஜெரோம் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தி, இடது கையால் பற்றி, அதன் மேல் வலது கையின் மிச்சத்தை அழுத்தி வைத்து இழுத்தான். பழக்கமில்லாத கை. ஆனால் பலம் இருந்தது. ஒவ்வொரு இழுப்பும் இரும்பு வழியாக வந்து நிலவழகனின் மணிக்கட்டில் இறங்கியது. நட்டின் மேலிருந்த வெள்ளைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஒரு பட்டை ஆயிற்று. பிறகு கால் பட்டையும் ஆயிற்று. கோடு கோட்டோடு வந்து ஒன்றாக நின்றது.

ஜெரோம் நிறுத்தவில்லை.

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. நின்ற பாதி வயலின் மேல் அது இறங்குகிற சத்தம், கூட்டமாகப் பலர் ஒரே நேரத்தில் எழுந்து நடப்பது போலக் கேட்டது. இறுக்கம் ஏறிக்கொண்டே வந்தது. நிலவழகனின் கை அதை அளந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான், அதற்கப்புறம் அந்த இளகல் வந்துவிடும். இந்த மூட்டின் பக்கத்தில் நாளைக்கு யார் கை வைப்பார்கள், ஆத்தூர்க்காரனா, வெள்ளைச்சாமியா, தெரியாது. ஒரு சொல் போதும். அதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். சொல்லும் உரிமை மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை.

ஜெரோம் நட்டைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. வியர்வையில் நனைந்த முகத்தோடு, கண்ணிமைக்காமல், நிலவழகனின் வாயையே பார்த்துக்கொண்டு இழுத்தான். இருவருக்கும் நடுவில் வெள்ளைக் கோடு தன் இடத்தைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது.